கதை பிறகு, முதலில் படம்: ஃபேன்டசி காமிக்ஸைக் கண்ணால் படிக்க ஒரு வழிகாட்டி

என்னிடம் தடித்த ஃபேன்டசி காமிக்ஸ் தொகுப்பு ஒன்று இருக்கிறது. பத்துத் தடவைக்கு மேல் புரட்டியிருப்பேன். அதில் அரசனைக் கொன்றது தம்பியா, மந்திரியா என்று போன மாதம் வரை யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். ஆனால் மூன்றாவது அத்தியாயத்தில் மலைப்பாதை திரும்பும் இடத்தில், பனிக்குள் பாதி மறைந்து ஒரு காவல் கோபுரம் நிற்கிறதே, அதன் படிகளில் எத்தனை உடைந்திருக்கின்றன என்பது வரை சொல்லிவிடுவேன்.

இதை வெளியே சொல்ல ரொம்ப நாள் கூச்சமாக இருந்தது. புத்தகம் என்றால் கதைக்காகப் படிக்க வேண்டும், படம் பார்ப்பது சின்னப்பிள்ளை வேலை என்று ஒரு நினைப்பு. ஒரு சிற்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்து ரசிப்பவரிடம் அந்தச் சிற்பத்தின் கதையைக் கேட்டு யாரும் தேர்வு வைப்பதில்லை. காமிக்ஸ் ரசிகரிடம் மட்டும் வைக்கிறோம். ஆகவே, கதை மண்டையில் ஏறவில்லையே என்று பாதியில் புத்தகத்தை மூடியவர்களுக்கும், இனிமேல்தான் முதல் புத்தகத்தை எடுக்கப்போகிறவர்களுக்கும் இந்தக் கட்டுரை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். படத்துக்காகப் படிப்பதற்கு ஃபேன்டசியைப் போல வாகான வகை வேறு இல்லை. துப்பறியும் கதை வரைபவருக்குத் தெரு, கார், துப்பாக்கி எல்லாவற்றுக்கும் புகைப்படம் கிடைக்கும். டிராகன் மீது சேணம் எப்படிக் கட்டுவது என்பதற்கு எங்கே புகைப்படம் கிடைக்கும்? வார் எந்த வழியாகப் போகிறது, இறக்கை அசையும்போது அது அறுக்காதா, ஏறுகிறவன் காலை எங்கே வைப்பான் என்று ஓவியர்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். எழுத்தாளர் “அவன் டிராகன் மேல் ஏறினான்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். மீதி உலகம் முழுவதும் ஓவியரின் தலையில்.

1. சொல் குறைந்த புத்தகத்தில் தொடங்குங்கள்

முதல் புத்தகமே பன்னிரண்டு பாகம், நான்கு ராஜவம்சம், முன்கதைச் சுருக்கம் இரண்டு பக்கம் என்று இருந்தால், பெயர்களை நினைவில் வைப்பதிலேயே கண்ணுக்கு அலுத்துவிடும். சொல்லே இல்லாத ஒன்றை எடுங்கள்.

என் முதல் சிபாரிசு, மீபியஸ் என்ற பெயரில் வரைந்த ஃபிரெஞ்சு ஓவியர் ழான் ஜிரோவின் ‘ஆர்ஸாக்’. 1975இல் ‘மெட்டால் ஹுர்லான்’ என்ற ஃபிரெஞ்சு இதழில் வெளிவரத் தொடங்கியது. உயரமான தொப்பி வைத்த ஒருவன், ஆதிகாலப் பறவை போன்ற ஒரு பிராணியின் மேல் விசித்திரமான நிலங்களைக் கடந்து பறக்கிறான். அவ்வளவுதான். ஒரு பேச்சுக்குமிழி கூடக் கிடையாது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு அத்தியாயத்திலும் தலைப்பின் எழுத்துக்கூட்டல் வேறு மாறிக்கொண்டே இருக்கும். பெயரிலேயே பிடிகொடுக்காத ஆளிடம் கதை கேட்டு என்ன பயன்? பாறையின் சொரசொரப்பையும், வெளிறிய வானத்தையும், பறவையின் தொங்கும் கால்களையும் பாருங்கள். புரிய வேண்டியது அத்தனையும் கண்ணிலேயே நடந்து முடிந்துவிடும்.

இரண்டாவதாக, வின்சர் மெக்கேயின் ‘லிட்டில் நீமோ’. இதில் பேச்சுக்குமிழிகள் உண்டு, ஆனால் அவற்றைப் படிக்காமலே பார்த்துக்கொண்டு போகலாம். 1905 அக்டோபரில் நியூயார்க் ஹெரால்டு நாளிதழின் ஞாயிறு பக்கத்தில் தொடங்கியது. ஒரு சிறுவன் கனவு காண்கிறான். பக்கத்தின் கடைசிக் கட்டத்தில், அதாவது கடைசிப் படச் சட்டத்தில், படுக்கையில் விழித்துக்கொள்கிறான், அல்லது கட்டிலிலிருந்து விழுகிறான். வாரா வாரம் இதே முடிவுதான் என்பதால், அடுத்து என்ன ஆகுமோ என்ற பதைப்பு நமக்கு இல்லை. இரண்டாம் வாரத்திலேயே ஒரு காளான் காடு வரும். காளான்கள் வளர வளர, அவற்றை வரைந்திருக்கும் கட்டங்களும் கூடவே உயரும். 1908இல் வந்த பக்கம் ஒன்றில், கட்டிலின் கால்கள் நீண்டு அது நகரத்துக்குள் நடக்கத் தொடங்கிவிடும். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கட்டில் நடப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்தே வருகிறது.

இன்னும் கொஞ்சம் சொல் இருந்தாலும் பரவாயில்லை என்றால், ஹால் ஃபாஸ்டர் 1937இல் தொடங்கிய ‘பிரின்ஸ் வேலியன்ட்’. இதில் குமிழிகள் இல்லை. வசனமும் விவரிப்பும் கட்டத்தின் ஓரமாகத் தனியே ஒதுங்கி நிற்கும். கோட்டை, காடு, கடல், குதிரைக்கூட்டம் எதன் மேலும் வெள்ளை உருண்டை வந்து உட்காராது. விருப்பம் இருந்தால் எழுத்தைப் படியுங்கள், இல்லையென்றால் மரங்களோடு நின்றுவிடுங்கள்.

2. அட்டைப்படத்தை நம்பி வாங்காதீர்கள்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் விழும் பள்ளம் இதுதான். நானும் விழுந்திருக்கிறேன். அட்டையில் எண்ணெய் வண்ணத்தில் ஜொலிக்கும் போர்வீரன், பின்னால் எரிமலை. ஆசையாக வாங்கி வந்து பிரித்தால், உள்ளே அவசரத்தில் கிறுக்கிய வேறு ஒருவரின் கோடு. அட்டை வரைபவர் ஒருவர், உள்பக்கங்கள் வரைபவர் இன்னொருவர் என்பது இந்தத் தொழிலில் சர்வசாதாரணம்.

அதனால் குறைந்தது நாலு உள்பக்கங்களையாவது பாருங்கள். முதல் பக்கங்களைவிட நடுப்பக்கங்களே உண்மையைச் சொல்லும். தொடக்கத்தில் எல்லோரும் பாடுபட்டு வரைவார்கள். கெடு நெருங்கும்போது பின்னணி காணாமல் போய், வெற்றுச் சுவருக்கு முன்னால் வெறும் தலைகள் பேசிக்கொண்டிருக்கும். நடுவிலும் வானமும் தரையும் உயிரோடு இருந்தால் நம்பி எடுக்கலாம்.

அடுத்து, பெயர்ப் பட்டியலைப் படியுங்கள். எழுத்தாளர், பென்சிலில் வரைந்தவர், அதன் மேல் மை ஏற்றியவர், வண்ணம் தீட்டியவர், குமிழிகளுக்குள் எழுத்துப் பதித்தவர் என்று ஐந்து பெயர்கள் வரை இருக்கும். சில புத்தகங்களில் எல்லாம் ஒரே கை. 2015இல் தொடங்கிய ‘மான்ஸ்ட்ரெஸ்’ தொடரில் பென்சில், மை, வண்ணம் மூன்றும் சனா டகேடாவுடையவை. ஒவ்வொரு அங்கியின் மடிப்பிலும், தூணின் வளைவிலும் ஒரே மனம் ஓடுவது தெரியும். அதன் அரசியலும் போர் வரலாறும் எனக்கு இன்னமும் பாதிதான் புரிகிறது. அலங்காரம் முழுசாகப் புரிகிறது.

3. அளவைக் கவனியுங்கள்

இது சுருக்கமான படி, ஆனால் காசோடு சம்பந்தப்பட்டது. அமெரிக்க காமிக்ஸ் ஓவியர்கள் வழக்கமாக 11க்கு 17 அங்குல அட்டையில் வரைவார்கள். அச்சில் அது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். அதையே கையடக்கப் பதிப்பாக இன்னும் சுருக்கினால், நுணுக்கமான கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வெறும் கறுப்பாகிவிடும். ஐரோப்பாவில் ஆல்பம் என்று சொல்லும் காமிக்ஸ் புத்தகங்கள் பெரிய தாளில் வருவதால் இந்தத் தொல்லை குறைவு. ஒரே கதை இரண்டு அளவில் கிடைத்தால், பெரியதில் ஒரு பாகம் வாங்குவது சிறியதில் மூன்று பாகம் வாங்குவதைவிட மேல்.

2010இலிருந்து ‘கலைஞர் பதிப்பு’ என்று ஒருவகை வந்துகொண்டிருக்கிறது. மூலப் பக்கத்தை அதன் அசல் அளவிலேயே, வண்ணத்தில் ஸ்கேன் செய்து அச்சிடுவார்கள். வெள்ளை மை பூசித் திருத்திய இடம், அழியாத பென்சில் கோடு, ஒட்டிய துண்டுத்தாள் எல்லாம் தெரியும். விலை அதிகம், தொடக்கத்தில் தேவையில்லை. எங்காவது கண்ணில் பட்டால் மட்டும் விடாதீர்கள்.

மங்கா எனப்படும் ஜப்பானிய காமிக்ஸ் படிப்பதானால் இன்னொரு விஷயம். அது வலமிருந்து இடமாக ஓடும். பழைய மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் படத்தைக் கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்பி அச்சிட்டிருப்பார்கள். வாள்வீரர்கள் எல்லோரும் திடீரென்று இடக்கைக்காரர்களாகிவிடுவார்கள். அதைவிட, ஓவியர் கண்ணை எங்கிருந்து எங்கே இழுக்க நினைத்தாரோ அது தலைகீழாகிவிடும். திருப்பாத பதிப்பையே தேடுங்கள்.

4. முதல் சுற்றில் ஒரு வார்த்தையும் படிக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்து பார்ப்பதானால் இதைச் செய்யுங்கள்.

எழுத்து இருந்தால் கண் தானாக அங்கேதான் போகும். குமிழியிலிருந்து குமிழிக்குத் தாவி, நடுவில் உள்ள படத்தை மைல்கல் மாதிரி கடந்துவிடுவோம். அதைத் தடுக்க வேண்டும். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள். முதல் ஐந்து நிமிஷம் கஷ்டமாகத்தான் இருக்கும். தெரியாத மொழிப் பதிப்பு கிடைத்தால் இன்னும் நல்லது, கண்ணுக்கு வேறு வழியே இருக்காது.

அப்படிப் போகும்போது ஏதாவது ஒரு பக்கத்தில் கை தானாக நிற்கும். அங்கே நின்றுவிடுங்கள். இப்போது கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். நுணுக்கங்கள் கரைந்து, கறுப்பு எங்கே திரண்டிருக்கிறது, வெளிச்சம் எங்கே விழுகிறது என்பது மட்டும் மிஞ்சும். மைக் மிக்னோலா 1994இல் தொடங்கிய ‘ஹெல்பாய்’ கதைகளில் இதைச் செய்து பாருங்கள். ஒரு கல்லறை, ஒரு சிலை, ஒரு சிவப்பு உருவம். முகத்தில் பாதியை, சில இடங்களில் உடம்பையே கறுப்பு விழுங்கியிருக்கும். எதை வரையாமல் விட்டார் என்பதுதான் அங்கே விஷயம். மேலே வண்ணமும் பெரும்பாலும் தட்டையாக, அடங்கிய நிறத்தில் இருப்பதால் அந்தச் சிவப்பு மட்டும் எழுந்து நிற்கும்.

புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தும் பார்க்கலாம். பக்கத்தில் யாராவது இருந்தால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், இருக்கட்டும். முகம் முகமாகத் தெரியாதபோதுதான் அதன் வடிவம் தெரியும்.

5. கோட்டுக்குக் குரல் உண்டு

ஒரே பென்சில் படத்தின் மேல் இரண்டு பேர் மை ஏற்றினால் இரண்டு வேறு உலகங்கள் பிறக்கும். இதைக் காட்ட நான் எப்போதும் எடுப்பது 1974இல் தொடங்கிய கறுப்புவெள்ளை இதழான ‘சாவேஜ் சோர்டு ஆஃப் கோனன்’. ஜான் புசெமாவின் பென்சிலில் உடல்கள் பாய்கின்றன, குதிரைகள் திமிறுகின்றன. அதன் மேல் பிலிப்பைன்ஸ் ஓவியர் அல்ஃப்ரெடோ அல்காலா மை ஏற்றிய பக்கங்களில், ஒவ்வொரு கல்லும் மரப்பட்டையும் செப்புத்தகட்டில் செதுக்கியது போல ஆயிரம் கீறல்களால் அடர்ந்திருக்கும். அதே புசெமாவுக்கு வேறொருவர் மை ஏற்றிய பக்கத்தை அருகில் வைத்துப் பாருங்கள். காற்று வந்துவிட்டது போலிருக்கும். எது மேல் என்பதில் ரசிகர்களுக்குள் சண்டை உண்டு. நான் அல்காலா கட்சி, ஆனால் சில பக்கங்களில் அவருடைய கீறல்கள் புசெமாவின் வேகத்தைக் கட்டிப்போட்டுவிடுகின்றன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கோடு தடித்து மெலிகிறதா, ஒரே கனத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். தடித்து மெலிந்தால் பெரும்பாலும் தூரிகை அல்லது வளையும் நிப்பு. ஒரே கனம் என்றால் பெரும்பாலும் தொழில்நுட்பப் பேனா. நிழலைக் கறுப்பாக அப்பியிருக்கிறாரா, குறுக்கும் நெடுக்குமாகக் கீறி உண்டாக்கியிருக்கிறாரா? கென்டாரோ மியூரா 1989இலிருந்து வரைந்த ‘பெர்செர்க்’ மங்காவில், கவசத்தின் பளபளப்பும் பேயின் தோலும் புகையும் கீறல்களின் திசையால் மட்டுமே வேறுபடும். அந்தக் கதையின் கொடூரம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. எனக்கே சில அத்தியாயங்கள் முடியவில்லை. கோடுகளுக்காக ஒரு கண்ணை மூடிக்கொண்டு புரட்டினேன்.

இங்கேயே இதையும் சொல்லிவிடலாம். ஃபேன்டசி ஓவியத்தில், குறிப்பாகப் பழையதில், வீரனுக்கு முழுக்கவசமும் வீராங்கனைக்குக் கைக்குட்டை அளவு துணியும் கொடுக்கும் வழக்கம் நிறைய உண்டு. உறுத்தினால் உறுத்தட்டும். படத்தை ரசிக்க வந்தோம் என்பதற்காக எல்லாவற்றையும் விழுங்க வேண்டியதில்லை. வானத்தைப் பாராட்டிக்கொண்டே உடையைத் திட்டலாம்.

6. கட்டத்தை விட்டுப் பக்கத்தைப் பாருங்கள்

கண் கட்டம் கட்டமாகப் போகிறது. ஓவியரோ பக்கத்தை முழுசாக ஒரே படமாகவும் யோசித்திருப்பார். புத்தகத்தைக் கையெட்டும் தூரத்தில் நிறுத்தி வைத்து, எழுந்து இரண்டடி பின்னால் போய்ப் பாருங்கள்.

இத்தாலிய ஓவியர் செர்ஜியோ டோப்பி, ஆயிரத்தொரு இரவுகளை வைத்து வரைந்த ‘ஷராஸ்-தே’யில் கட்டங்களையே பல இடங்களில் கலைத்துவிட்டார். ஒரு முகம் பக்கத்தின் உயரத்துக்கு எழும். அதன் அங்கியே மலையாகும், மலையடியில் அடுத்த சம்பவம் நடந்துகொண்டிருக்கும். எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று கோடு போட முடியாது.

1999 முதல் 2005 வரை வந்த ‘புரொமீதியா’வில் ஜே. எச். வில்லியம்ஸ் இரட்டைப் பக்கங்களைக் கோலம் போலப் பின்னியிருப்பார். கடைசியான 32ஆவது இதழ் உச்சம். அதன் தாள்களைப் பிரித்து வரிசைப்படி ஒட்டினால் இரண்டு பக்கமும் படமுள்ள பெரிய சுவரொட்டியாகிவிடும். நான் பிரிக்கவில்லை, மனசு வரவில்லை.

திரையில் படிப்பவர்களுக்கு: கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதி சில செயலிகளில் இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். அது பக்கத்தையே கொன்றுவிடுகிறது. முழுப் பக்கமாக, முடிந்தால் இரட்டைப் பக்கமாக வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் விரும்பிய மூலையை மட்டும் பெரிதாக்குங்கள். அப்படி மூலையைப் பெரிதாக்கிப் பார்ப்பது மட்டும் காகிதத்தில் இல்லாத வரம்.

7. வண்ணம் யாருடையது?

பழைய காமிக்ஸ் மை உறிஞ்சும் மலிவுத் தாளில், புள்ளி புள்ளியாக அச்சானது. அந்தத் தாளில் மங்கிவிடும் என்று தெரிந்தே பளிச்சென்ற நிறங்களைத் தேர்ந்தார்கள். அதே நிறங்களை இப்போது வழவழப்பான வெள்ளைத் தாளில் அச்சிட்டால் கண் கூசும். சில மறுபதிப்புகளில் கணினியால் புதிதாக வண்ணம் ஏற்றி, கன்னத்திலும் தோளிலும் பலூன் போல மினுமினுப்புப் போட்டுவிடுவார்கள். கோடு ஒரு காலத்தில், நிறம் இன்னொரு காலத்தில் நிற்கும். வாங்கும் முன் ‘மறுவண்ணம்’ செய்ததா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கறுப்புவெள்ளைப் பதிப்பு கிடைத்தால் நான் யோசிக்காமல் அதை எடுப்பேன்.

நிறமே வேண்டாம் என்பதும் ஒரு முடிவுதான். ஹயாவ் மியாசாகி 1982 முதல் 1994 வரை வரைந்த ‘நவ்சிகா’ மங்காவைக் கறுப்புக்குப் பதில் பழுப்பு மையில் அச்சிட்டார்கள். பூஞ்சைக் காடும் பிரம்மாண்டப் பூச்சிகளும் நிறைந்த அந்த உலகத்துக்கு அது பழைய ஆவணம் போன்ற ஒரு தோற்றத்தைத் தருகிறது. இதில் கட்டங்கள் சின்னவை, நெருக்கமானவை. ஒரே மூச்சில் படிக்காமல் நாளுக்கு இருபது பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

8. ஒரு கட்டத்தை நகல் எடுங்கள்

வரையத் தெரியாது என்று சொல்லாதீர்கள், எனக்கும் தெரியாது. மெல்லிய தாளை மேலே வைத்து, பிடித்த ஒரு கட்டத்தைப் பென்சிலால் ஒற்றி எடுங்கள். பத்து நிமிஷம் போதும். மேகத்தை ஏழே கோட்டில் முடித்திருக்கிறார் என்பது கைக்குத்தான் தெரியவரும். நான் ஒருமுறை மீபியஸின் பாறை ஒன்றை ஒற்றினேன். சும்மா புள்ளிகள் என்று நினைத்திருந்தவை எல்லாம் வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கமாக மட்டுமே கூடியிருந்தன. அன்றைக்குத்தான் அந்தப் பாறை எனக்கு உருண்டையாகத் தெரிந்தது.

9. நாயகனை விட்டு ஓவியரைத் தொடருங்கள்

கதைக்காகப் படிப்பவர் அடுத்த பாகம் வாங்குவார். நீங்கள் அதே ஓவியரின் அடுத்த புத்தகத்தை வாங்குங்கள், அது வேறு கதை, வேறு பதிப்பகம், வேறு நாடாக இருந்தாலும். நீண்ட தொடர்களில் நடுவில் ஓவியர் மாறுவது சகஜம். மாதத்துக்கு இருபது பக்கம் அளவுக்கு வேண்டும் என்ற அமெரிக்க மாத இதழ் முறையில் ஒருவரே வருஷக்கணக்கில் தாக்குப்பிடிப்பது கடினம். ஐரோப்பிய ஆல்பம் ஒன்றுக்கு வழக்கமாக நாற்பத்தாறு பக்கம், அதற்கு ஒரு வருஷமோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்வார்கள். பின்னணியில் ஓடு ஓடாக வேயப்பட்ட கூரை எந்தப் புத்தகத்தில் இருக்கும் என்று இதிலிருந்தே ஊகிக்கலாம்.

ஓவியர் மாறியதும் நிறுத்திவிட்டால் தப்பில்லை. அலமாரியில் அரைகுறைத் தொடர்கள் நிற்கும். பார்க்கிறவர்கள் “மீதி எங்கே?” என்பார்கள். பதில் சொல்லிப் புரியவைக்க முடியாது, முயற்சிக்கவும் வேண்டாம்.

10. சரி, இப்போது கதையைப் படியுங்கள்

இரண்டு மூன்று சுற்று படம் பார்த்த பிறகு, முதல் பக்கத்துக்குத் திரும்பி எழுத்தோடு படியுங்கள். சில நேரம் ஏமாற்றம்தான். நீங்கள் படத்தில் கண்ட துக்கம் வசனத்தில் இருக்காது. அவள் ஏதோ பெரிய ரகசியத்தைச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பீர்கள், பார்த்தால் “கதவைப் பூட்டினாயா?” என்று கேட்டிருப்பாள்.

வேறு சில நேரம் நேர்மாறாக, நீங்கள் கவனித்து வைத்திருந்த ஏதோ ஒரு மூலை கதையோடு வந்து சேரும். என் காவல் கோபுரத்துக்கு அப்படித்தான் ஆனது. போன மாதம் வசனங்களோடு பொறுமையாகப் படித்தேன். உடைந்த படிகள் வழியாகத்தான் கொலைகாரன் இறங்கிப் போயிருக்கிறான், கடைசிப் படியில் அவன் அங்கியின் கிழிசல் ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது. அதை நான் பாசி என்று நினைத்திருந்தேன். கிழிசலில் தம்பியின் அங்கிக் கரை. மந்திரி பாவம்.